மாநாட்டுக்குப் போவதா, கறையானைப் பார்ப்பதா?

திருகோணமலை உவர்மலையில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் போடவில்லை. கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"அன்புள்ள அக்கா, நான்கு வருடமாக ஒரு பழைய சங்கத்தின் ஆவண அறையைப் பார்க்கிறேன். நூலக டிப்ளோமா முடித்திருக்கிறேன், ஆனால் ஆவணம் பற்றி யாரும் தனியாகப் படிப்பித்ததில்லை. அறையில் 140 பெட்டி, ஒரு ஃபான். மாரி வந்தால் வடக்குச் சுவரில் ஈரம், கீழ்த்தட்டில் கறையான். போன வருடம் கொழும்பில் இரண்டு நாள் மாநாடு ஒன்றுக்குப் போனேன். எல்லாரும் இங்கிலிசில் செயற்கை நுண்ணறிவு, அது இது என்று கதைத்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் அழுகை வந்துவிட்டது. இப்போது இன்னொரு மாநாட்டில் என் போஸ்டரை (செய்த வேலையைப் படமும் எழுத்துமாகச் சுவரில் மாட்டிக் காட்டுகிற பெரிய தாள்) ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். 'கறையானைப் பார்க்கிற வேலையை விட்டுட்டு மாநாடு என்னத்துக்கு' என்று சங்கத் தலைவர் கேட்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. போவதா, விடுவதா? திருகோணமலையில் இருந்துகொண்டு இந்தத் தொழிலில் முன்னேற வழி இருக்கிறதா?"

தங்கச்சி, போங்கள். ஆனால் உங்கள் தலைவர் கேட்டது மோசமான கேள்வி இல்லை, அதற்குப் பதில் கையில் இல்லாமல் ரயில் ஏறினால் போன வருடம் அழுத மாதிரி இந்த வருடமும் அழுதுகொண்டுதான் வருவீர்கள்.

நானும் இதே ஊரில் ஆவணம் பார்க்கிறவள்தான், என் முதல் மாநாட்டைச் சொல்கிறேன். இரவு ரயிலில் போய், விடியக் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கி, அங்கேயே முகம் கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு போனேன். இரண்டு நாளும் கடைசி வரிசை. நான் மொத்தமாகப் பேசியது 'வோஷ்றூம் எந்தப் பக்கம்' என்பது மட்டும்தான். திரும்பி வரும்போது கையில் ஒரு துணிப் பை, ஒரு பேனை, 14 விசிட்டிங் கார்ட். கார்ட்டெல்லாம் பிஸ்கட் டின்னுக்குள் போனது, டின் அலுமாரிக்கு மேலே போனது, அவ்வளவுதான். கந்தோரில் 'என்ன படிச்சீங்கள்' என்று கேட்டபோது நல்ல சாப்பாடு என்று சொன்னேன். உண்மையும் அதுதான்.

அதை வகுப்பறை என்று நினைத்துப் போனதுதான் பிழை. மாநாடு மீன் சந்தை மாதிரி. என்ன மீன் வேணும் என்று தெரியாமல், கூடையும் இல்லாமல் போய் நின்றால் கால் நனைந்ததுதான் மிச்சம். இரண்டாம் முறை போகும்போது ஒரு சின்னத் துண்டில் ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போனேன். எங்களிடம் இருந்த கணக்குப் புத்தகங்களில் ஊசி குத்தினாற்போல ஓட்டைகள், தட்டினால் மா மாதிரித் தூள் கொட்டும், புகை மருந்து அடிக்க ஆளும் இல்லை, காசும் இல்லை, என்ன செய்வது? தேத்தண்ணி நேரத்தில் பக்கத்தில் நின்று பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் அந்தத் துண்டை அப்படியே நீட்டினேன், கதைக்கக் கூச்சம். அவர் ஏதோ ஒரு அருங்காட்சியகத்தில் வேலை செய்கிறவர். வாசித்துவிட்டு, "உங்கட ஊரில மீன் யாவாரிகள் இருப்பினம்தானே?" என்று கேட்டார்.

அவர் சொன்ன வழி இது: புத்தகத்தைத் தடித்த பொலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி இறுக்கி ஒட்டி, அதை இன்னொரு பையில் போட்டு, ஆழ்குளிர்ப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை வரை போகிற பெட்டி என்றால் ஒரு வாரம் காணும், அவ்வளவு குளிராத வீட்டுப் பெட்டி என்றால் இரண்டு வாரம். பூச்சி, முட்டை, புழு எல்லாம் முடிந்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது, ஒரு நாளாவது அப்படியே விட வேண்டும். குளிர்ந்த சோடாப் போத்தலில் வேர்க்கிற மாதிரி பைக்கு வெளியே வேர்க்கும், அந்தத் தண்ணி தாளில் படாமல் இருப்பதற்காகத்தான் இத்தனை கட்டு. எனக்குத் தெரிந்த ஒரு மீன் வியாபாரியிடம் பழைய பெட்டி ஒன்றை இரவல் கேட்டேன். 'என்னக்கா, புத்தகத்தையும் ஏற்றுமதி செய்யப் போறீங்களா' என்று சிரித்துவிட்டுத் தந்தார். கழுவி ஐந்து நாள் வெயிலில் வைத்தும் சூரை வாடை முழுதாகப் போகவில்லை, ஆனால் பைக்குள் அது ஏறவில்லை. அந்தக் கணக்குப் புத்தகங்கள் இன்றைக்கும் இருக்கின்றன.

(உங்கள் கறையானுக்கு இது உதவாது. கறையானின் வீடு பெட்டிக்குள் இல்லை, நிலத்துக்குள்ளோ சுவருக்குள்ளோ இருக்கிறது. அலுமாரிகளைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளுங்கள், கீழ்த்தட்டை நிலத்தில் இருந்து ஆறு அங்குலமாவது உயர்த்துங்கள், சுவரில் மண்கோடு ஏறுகிறதா என்று கிழமைக்கு ஒருக்கால் டோர்ச் அடித்துப் பாருங்கள். மாநாட்டுக்குப் போனாலும் போகாவிட்டாலும் இதை இந்தக் கிழமையே செய்யுங்கள்.)

அந்த இரண்டு நாளில் மேடையில் என்ன பேசினார்கள் என்று ஒன்றும் ஞாபகம் இல்லை. ஆனால் ஒரு பணிஸ் சாப்பிடும் நேரத்துக்குள் எனக்குக் கிடைத்ததைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் எங்கள் வருட நிதியில் பாதி போயிருக்கும். உங்கள் தலைவரிடம் சொல்ல வேண்டியது இதுதான். 'அறிவை வளர்க்கப் போகிறேன்' என்று சொல்லாதீர்கள், யாரும் அதற்கு லீவு தரமாட்டார்கள். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: வடக்குச் சுவர் ஈரத்துக்கு வழி கேட்டு வருவேன், கறையானுக்குக் கேட்டு வருவேன், வந்து ஒரு கிழமைக்குள் நிர்வாகக் குழுவுக்குப் பத்து நிமிடம் சொல்வேன். கறையானுக்காகத்தான் போகிறேன் என்றால் அவரால் மறுக்க ஏலாது.

போஸ்டரில் என்ன போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் கடைசியில் 'எங்கள் சேகரிப்பின் பெருமையைக் காட்ட வேண்டும்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதில்தான் எனக்குக் கொஞ்சம் பயம்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு பழைய சம்மாட்டி (வலை வைத்து மீன்பிடித் தொழில் நடத்துகிறவர்) குடும்பம் எங்களுக்கு இரண்டு ட்ரங்குப் பெட்டி நிறையக் கடதாசி தந்தது. திறந்தால் உள்ளே சணல் கயிற்றால் கட்டிய கட்டுகள், ஒரு முப்பது இருக்கும். கட்டுக்குள் உறுதி, ரசீது, தந்தி, கல்யாணக் கடிதம், வலை வாங்கிய துண்டு என்று எல்லாம் கலந்து கிடந்தது. எனக்கு அதைப் பார்க்கவே எரிச்சல். ஒரு மாதம் உட்கார்ந்து கயிறுகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, வருட வாரியாக வடிவாக அடுக்கி, புதுக் கோப்புகளில் போட்டு, வெளியே அழகான எழுத்தில் வருடமும் எழுதினேன். எல்லாரும் பாராட்டினார்கள். மூன்று வருடம் கழித்து அந்த வீட்டு மூத்த மகள் வந்தார், வயது எழுபதுக்கு மேல். "தங்கச்சி, அப்பா ஒவ்வொரு வழக்கையும் ஒவ்வொரு கட்டாகக் கட்டி வச்சிருந்தார், கிழக்குக் கரைவலைப்பாட்டு வழக்குக் கட்டு எது?" என்று கேட்டார். எந்தத் தந்தி எந்த வழக்குக்கு, எந்த ரசீது யாருக்கு எதிரான சாட்சி என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் கயிறுதான். அதை நான் குப்பைக் கூடையில் போட்டிருந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை, கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிவிட்டுப் போனார்.

மூல ஒழுங்கை, அதாவது வைத்திருந்தவர் அடுக்கிய ஒழுங்கை, குலைக்காதே என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. பிரான்சில் 1841இலேயே, ஓரிடத்தில் இருந்து வந்த ஆவணங்களை வேறிடத்தவற்றோடு கலக்காதே என்று சுற்றறிக்கை விட்டுவிட்டார்கள். 1898இல் ஒல்லாந்தர் மூன்று பேர் சேர்ந்து கைநூலாகவே எழுதினார்கள். நம்முடைய திருகோணமலைக் கோட்டையை இங்கிலிஸ்காரனிடம் விட்டுவிட்டுப் போய் நூறு வருடம் கழித்து! எனக்கு அது தெரியவந்தது ஒரு மாநாட்டில்தான், யாரோ ஒருவர் திரையில் இரண்டே படம் காட்டி விளக்கினார், எனக்கு வயிற்றைப் புரட்டியது.

அடுத்த முறை எனக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. கையெழுத்து ஏடுகள் பற்றிப் பெருமையாக ஒரு பேச்சுத் தயாரித்து வைத்திருந்தேன். மேடை ஏறும்போது என்ன வந்ததோ தெரியாது, அதை விட்டுவிட்டு இந்தக் கயிற்றுக் கதையைச் சொன்னேன், பாதி தமிழ், பாதி உடைந்த இங்கிலிஸ். இறங்கி வந்தபோது ஆறேழு பேர் சுற்றி நின்றார்கள். ஒருவர் கோயில் ஏட்டுக் கட்டுகளின் கயிற்றை மாற்றியவர், ஒருவர் ஒரு தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவித்தவர். எல்லாரிடமும் ஒவ்வொரு கயிறு இருந்தது. அவர்களில் இரண்டு பேரோடு இன்றைக்கும் மாதம் ஒருக்கால் கதைக்கிறேன். அவர்களைக் கேட்காமல் நான் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. என்னிடம் தொழில் வளர்ச்சி என்று ஏதாவது இருந்தால் அது இந்த இரண்டு தொலைபேசி இலக்கமும்தான்.

ஆகவே, உங்கள் போஸ்டரில் வடக்குச் சுவரைப் போடுங்கள். கறையான் தின்ற ஒரு பெட்டியின் படத்தைப் பெரிதாக நடுவில் போட்டு, பக்கத்தில் நீங்கள் செய்து பார்த்தது, சரிவந்தது, சரிவராதது. கீழே 'இதற்கு வழி தெரிந்தால் சொல்லுங்கள்' என்று மூன்று மொழியிலும் ஒரு வரி. பெருமை போட்டால் ஆட்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள், கேள்வி போட்டால் நிற்பார்கள். வழமையாகக் கேட்கிற அளவு ஏ0, அதாவது 841க்கு 1189 மில்லிமீற்றர், அந்தக் கடதாசிக் குழாயைப் பஸ்ஸில் கொண்டுபோவது பெரிய கரைச்சல், துணியில் அச்சடித்தால் மடித்துப் பைக்குள் வைக்கலாம். எழுத்து 24 புள்ளிக்குக் குறையக் கூடாது. மற்றபடி போஸ்டர் உங்களைப் போலக் கூச்சமுள்ளவர்களுக்குக் கடவுள் தந்த வரம், மேடையும் இல்லை, மைக்கும் இல்லை, ஒரு நேரத்தில் ஒரு ஆளோடு கதைத்தால் சரி, தடுமாறினால் படத்தைக் கையால் காட்டலாம்.

போவதற்கு முன் ஒரு வேலை. சர்வதேச ஆவணக் காப்பகப் பேரவை, ஐசிஏ என்பார்கள், 1948இல் தொடங்கியது, ஆவணங்களை விவரிப்பதற்கு ஐசாட்-ஜி என்று ஒரு தரத்தை வைத்திருக்கிறது. இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். மொத்தம் 26 அம்சங்கள், பயப்படாதீர்கள், அவற்றில் ஆறுதான் அடிப்படை: குறியீட்டு இலக்கம், தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, அது எந்த மட்டம் (முழுச் சேகரிப்பா, ஒரு கோப்பா, ஒரு தாளா). உங்கள் 140 பெட்டியில் பத்துப் பெட்டிக்கு மட்டும் இந்த ஆறையும் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். யாராவது 'உங்களிடம் என்ன இருக்கிறது' என்று கேட்டால் 'நிறையப் பழைய ஃபைல் இருக்கு' என்று சொல்வதற்கும், 'ஆறாம் பெட்டியில் சங்கத்தின் கடித நூல்கள், இத்தனை தொகுதி, இந்த வருடம் முதல் இந்த வருடம் வரை' என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை எதிரில் நிற்பவரின் முகத்திலேயே காண்பீர்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றி. உங்கள் எரிச்சல் விளங்குகிறது, கூரை ஒழுகுகிறவனிடம் வந்து சந்திரனில் வீடு கட்டுவது பற்றிக் கதைக்கிற மாதிரித்தான் எனக்கும் இருந்தது. ஆனால் காதை முழுதாக மூடிவிடாதீர்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் நெதர்லாந்தின் ஹேக், கொழும்பு, சென்னை, ஜகார்த்தா, கேப் டவுன் என்று சிதறிக் கிடக்கின்றன. 2003இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஹேக்கில் உள்ளவற்றில் சுமார் 50 லட்சம் பக்கங்களின் கையெழுத்தை இயந்திரத்தை வைத்து வாசித்து எழுத்தாக மாற்றி, குளோபலைஸ் என்ற திட்டத்தில் தேடக்கூடியதாக வைத்திருக்கிறார்கள். இதை ஒரு மதியச் சாப்பாட்டு மேசையில் ஒருவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். அன்றிரவு விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து, போனில் எங்கள் ஊரின் பெயரை அந்தக் காலத்து எழுத்தர்கள் எழுதியிருக்கக்கூடிய விதவிதமான எழுத்துக்கூட்டலில் போட்டுப் போட்டுத் தேடினேன். ஒல்லாந்த மொழியில் எனக்கு ஒரு சொல் தெரியாது. இருந்தாலும் ஊர்ப்பெயர் ஒவ்வொன்றாக வந்து நிற்கும்போது நித்திரை போய்விட்டது.

நம்முடைய ஊர் அப்படி. 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே போர்த்துக்கேயப் பறங்கி கோட்டை கட்டினான், வாசல் தூணில் பாதி மிஞ்சிய கல்வெட்டுத்தான் அதற்கு இங்கே உள்ள சாட்சி. பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் எழுதியதில் பலதைத் தங்களோடு கொண்டுபோய்விட்டார்கள். 1957 வரை துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை இருந்தது, அந்தக் கடற்படையின் பழைய தாள்களைப் பார்க்க லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். நீங்கள் அறைக்குள்ளேயே இருந்தால் உங்கள் 140 பெட்டியும் 140 பெட்டிதான். அவற்றின் மற்றப் பாதி எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஆட்கள் வருடத்தில் இரண்டு நாள் ஒரு மண்டபத்தில் கூடி நின்று ரோல்ஸ் சாப்பிடுகிறார்கள். அங்கே போய் நிற்கத்தான் வேண்டும்.

காசு விசயம். போஸ்டர் வைப்பவர்களுக்குக் கட்டணக் கழிவு இருக்கிறதா என்று அமைப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். அறிவிப்பில் போடாமல் வைத்திருப்பார்கள், கேட்டால் தருவார்கள், கேட்காதவனுக்கு முழுக் கட்டணம். நான் வெட்கத்தில் ஐந்து வருடம் முழுக் காசு கட்டியிருக்கிறேன். வெள்ளவத்தையில் சொந்தக்காரர் இருந்தால் அறைக் காசு மிச்சம். வெளிநாட்டு மாநாடு இப்போதைக்கு வேண்டாம். ஐசிஏவின் பெரிய மாநாடு நான்கு வருடத்துக்கு ஒருக்கால் என்பது வழக்கம், 2016இல் சியோல், கோவிட்டால் தள்ளிப்போய் 2023இல் அபுதாபி, 2025இல் பார்சிலோனா. தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அவர்களிடம் உதவித்தொகைத் திட்டம் ஒன்று உண்டு, இரண்டு மூன்று உள்ளூர் போஸ்டர் ஆன பிறகு விண்ணப்பியுங்கள். ஒன்று கவனம்: 'மதிப்புக்குரிய பேராசிரியரே' என்று உங்களை விளித்து, பொறியியல், மருத்துவம், நூலகவியல் எல்லாவற்றுக்கும் ஒரே மண்டபத்தில் மாநாடு என்று மின்னஞ்சல் வந்தால், இரண்டே நாளில் கட்டுரையை ஏற்றுக்கொண்டு உடனே காசு கேட்டால், அழித்துவிடுங்கள். அந்தச் சான்றிதழை மட்டையில் ஒட்டி மழைக்குப் பிடிக்கக்கூட உதவாது.

இங்கிலிஸ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மூன்று வசனம் பாடமாக்குங்கள்: நான் இன்ன இடம், என் பிரச்சினை இது, நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள். மூன்றாவது வசனத்துக்குப் பிறகு அவர்கள்தான் கதைப்பார்கள். நமக்கென்றே தமிழில் நடந்ததும் உண்டு, 2013இல், தமிழ் நூல்களை இணையத்தில் ஆவணப்படுத்துகிற 'நூலக நிறுவனம்' கொழும்பில் தமிழ் ஆவண மாநாடு நடத்தியது. அடுத்தது எப்போது என்று காத்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இங்கே ஒரு வீட்டு விறாந்தையில் ஏழு பேரைக் கூப்பிட்டேன்: ஒரு கோயில் கணக்கப்பிள்ளை, பள்ளிவாசல் பொறுப்பாளர் ஒருவர், பங்குப் பதிவேடு பார்க்கிற சிஸ்டர், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், இப்படி. விதி ஒன்றுதான், ஆளுக்கொரு பெட்டி கொண்டுவர வேண்டும். அரை நாள், ஒடியல்கூழ், பிளேன்ரீ. அதிபர் கொண்டுவந்த பாடசாலை லொக் புத்தகத்தில் 1964 மார்கழிப் புயலுக்குக் கூரை போன நாள் எழுதியிருந்தது, அதே கிழமை சிஸ்டரின் அடக்கப் பதிவேட்டில் அடுத்தடுத்து எத்தனை பெயர். இரண்டு புத்தகமும் ஒரே ஊரில் ஒரு மைல் தூரத்தில் இத்தனை வருடம் ஒன்றையொன்று பார்க்காமல் இருந்திருக்கின்றன. அடுத்த முறை உங்களையும் கூப்பிடுகிறேன், வடக்குச் சுவர்ப் பெட்டி ஒன்றோடு வாருங்கள்.

மாநாடு முடிந்து வந்த கிழமையே, சூடு ஆறும் முன், தமிழில் ஒரு பக்கம் எழுதித் தலைவரிடம் கொடுங்கள், மூன்று பேருக்கு மட்டும் கடிதம் போடுங்கள், கேட்டு வந்ததில் ஒன்றை அறையில் செய்து காட்டுங்கள். பிஸ்கட் டின் வேண்டாம்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஆறாம் பெட்டி 'ஒரு மாதிரி மணக்குது' என்று எழுதியிருக்கிறீர்கள். அது பூஞ்சணமாக இருக்கலாம். டிக்கெட் எடுக்கும் முன் முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு அதைத் தனி அறைக்குக் கொண்டுபோய்த் திறந்து பாருங்கள். ஈரம் இருந்தால் வெயிலில் வைக்காதீர்கள், நிழலில் தாள்களை ஆறப் போட்டு, ஃபானைத் தாளுக்கு நேரே பிடிக்காமல் சுவர்ப் பக்கம் திருப்பி ஓட விடுங்கள். காய்ந்த பிறகு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தாள் கட்டுகளில் கயிறு இருந்தால் அவிழ்க்கும் முன் எடுத்த படம் வேண்டும்.